செம்புப் பாய்லரும் எஞ்சின் தண்ணீரும்

என் தலைப்பிள்ளை வயிற்றில் இருந்தபோது எங்கள் வீட்டு வெந்நீர் அண்டா ஓட்டையானது. அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். என் வீட்டுக்காரருக்கு பயர்மேன் வேலை, அதாவது எஞ்சின் அடுப்புக்குக் கரி அள்ளிப் போடுவது. வீட்டில் அவர், நான், என் மாமியார், அவ்வளவுதான். என் அம்மா காஜாங் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தார். அந்த வருஷம் அங்கே குளிர்காய்ச்சல் அதிகம் என்பதால் பிரசவம் இங்கேயே என்று முடிவாகியிருந்தது.

அண்டா போனால் என்ன, வேறு பாத்திரம் இல்லையா என்று இந்தக் காலத்துப் பெண்கள் கேட்பார்கள். பிள்ளை பெற்றவளுக்குச் சும்மா இரண்டு சொம்பு ஊற்றினால் போதாது. வேப்பிலையும் நொச்சியும் போட்டுக் கொதிக்க வைத்து, இடுப்பிலும் முதுகிலும் சூடு இறங்க இறங்க ஊற்ற வேண்டும். சோறாக்கும் பாத்திரத்தைத் தீட்டு அறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாது. அதுவும் செம்பில் கொதித்த தண்ணீராக இருந்தால்தான் உடம்பு இறுகும் என்பது என் அத்தையின் சட்டம். பழைய அண்டாவின் அடியோ காகிதம் மாதிரி தேய்ந்துபோய், பற்று வைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை விழுந்துகொண்டிருந்தது.

எனக்கு இதில் வேறு பயம். எதிர்வரிசையில் யாழ்ப்பாணத்துக் கிராணியார் வீடு. அந்த வீட்டு அம்மா சேதி கேட்டு வந்து, "எங்கட வீட்டுல பெரிய கிடாரம் கிடக்கு, பிள்ளை. பெத்த பிறகு அங்க வந்து முழுகும். என்ன வெட்கம்?" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனசுதான். ஆனால் நான் மீன்காரர் வந்தாலே கதவுக்குப் பின்னால் நின்று சட்டியை மட்டும் நீட்டுகிறவள். பச்சை உடம்போடு தெருவைக் கடந்து, என் வீட்டுக்காரருக்குச் சம்பளம் எழுதும் கிராணியார் வீட்டில் போய் எப்படிக் குளிப்பேன்? அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவத்துக்குக்கூட அவ்வளவு பயப்படவில்லை.

மண்ணெண்ணெய் டின்னை வெட்டி வெந்நீர் போடலாம், காசு செலவில்லை என்றார் என் வீட்டுக்காரர். அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "என் மருமக மேல டின்னுத் தண்ணி ஊத்த மாட்டேன்."

என் வீட்டுக்காரர் ஒரு பழைய சைக்கிள் வாங்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து வைத்திருந்தார். அந்தக் காசை எடுத்துக்கொண்டு, ஓட்டை அண்டாவைத் தோளில் போட்டுக்கொண்டு, கிள்ளான் கடைத்தெருவுக்கு ரயில் ஏறினார். அங்கே பாத்திரக் கடையில் பழைய செம்பை எடை போட்டு எடுத்துக்கொண்டு, விலையில் கழிப்பார்கள். கழித்தது போக மீதியைக் கொடுத்து, கப்பலில் வந்திறங்கிய புதுமாதிரி பாய்லர் ஒன்றை வாங்கிவிட்டார். அந்த ஊர்க் காசில் பதினெட்டு வெள்ளி. எங்கள் லயத்தில் யாரும் அதுவரை அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. உயரமாக, பளபளவென்று, நடுவில் கரி போட ஒரு குழல், சுற்றிலும் தண்ணீர் நிற்க இடம், அடியில் பித்தளைக் குழாய். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது, எந்த ஸ்டேஷனில் கோப்பிக் கடை போடப் போகிறீர்கள் என்று வழியெல்லாம் கேட்டார்களாம். லயத்து ஆண்கள் இன்னும் மோசம். வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு கோப்பி கேட்டார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் நெருப்பு என்று அத்தை நேரம் பார்த்து வைத்தார். பாய்லருக்கு மஞ்சள், குங்குமம், கழுத்தில் ஒரு முழம் பூ. எல்லாம் சரி, தண்ணீர்தான் வரவில்லை. லயத்துக்கே தெருமுனையில் ஒரே ஒரு பைப்பு. என் வீட்டுக்காரர் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ராகு காலம் நெருங்கிவிட்டது. அத்தை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்து பார்த்தார்.

"தண்ணி எங்க போயிடும், பின்னால வரும். நேரம் போனா வருமா?" என்று சொல்லி, சாமிக்குக் காட்டிய கற்பூரத்தைக் கரியின் மேல் போட்டுவிட்டார்.

அண்டாவாக இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எந்த வீட்டிலும் முதலில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத்தானே தண்ணீரை ஊற்றுவோம். கரி நன்றாகப் பிடித்துக்கொண்டது. வெறும் பாய்லர் பழுத்தது, பூ கருகியது, பற்று வைத்திருந்த ஈயம் உருகிச் சொட்டியது. நாங்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பித்தளைக் குழாய் கழன்று தரையில் விழுந்தது. அப்போதுதான் இவர் இரண்டு வாளித் தண்ணீரோடு உள்ளே வந்தார்.

வாளிகளைக் கீழே வைத்துவிட்டுக் குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அத்தை, கோப்பி கேட்டவர்களின் கண்தான் பட்டுவிட்டது என்றார்.

பாய்லர் மறுபடியும் கிள்ளானுக்குப் போனது. தண்ணீர் இல்லாமல் நெருப்பு வைத்ததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். பற்று வைக்கத் தனிக் கூலி, ஆள் வரத் தாமதமாகும் என்றாராம். என் மகன் அதுவரை காத்திருக்கவில்லை, முன்னாலேயே பிறந்துவிட்டான். வெந்நீர் ஊற்ற வேண்டிய நாளும் வந்தது. வீட்டில் பாய்லரும் இல்லை, அண்டாவும் இல்லை. எதிர்வீட்டு அம்மா துவாலையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். நேரே செட்டுக்குப் போனார். எஞ்சின்கள் நிற்கும் செட்டு லயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. சற்று நேரத்தில் காவடித் தண்டில் இரண்டு டின்களைத் தொங்கவிட்டு, ஆவி பறக்கத் தூக்கி வந்தார். எஞ்சினிலிருந்து பிடித்த வெந்நீர்.

அத்தை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "டின்னுல கொண்டாந்திருக்கியா?"

"டின்னு தூக்கிட்டு வரத்தாம்மா. கொதிச்சது எஞ்சின்ல. எஞ்சினோட அடுப்புப் பெட்டி பூராவும் செம்பு, அதைச் சுத்தித்தான் தண்ணி நிக்குது. தினமும் அதுக்குத்தானே கரி போடுறேன், எனக்குத் தெரியாதா?"

அத்தை யோசித்தார். ஊரில் எந்த மருமகளுக்கும் அவ்வளவு பெரிய செம்பில் தண்ணீர் காய்ந்திருக்காது என்று தோன்றியிருக்க வேண்டும். இலையைப் போடு என்றார்.

அந்தத் தண்ணீரில் லேசாகக் கரிவாசம் இருக்கும். ஆனால் சூடு என்றால் சூடு. எலும்புக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். யார் வீட்டுக்கும் போகாமல், என் வீட்டில், கதவைச் சாத்திக்கொண்டு குளித்தேன். அந்த நிம்மதி கொஞ்ச நாள்தான். எஞ்சின் டிரைவர் அண்ணன் வாசலில் நின்று, "தங்கச்சிக்கு ரெண்டு டின்னு பத்துதா, இல்ல இன்னொண்ணு புடிக்கவா?" என்று சத்தமாகக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. நான் எப்போது குளிக்கிறேன் என்பது செட்டு முழுக்கத் தெரிந்திருந்தது. எனக்குத் தண்ணீர் பிடித்த பிறகுதான் அந்த எஞ்சினை வெளியே எடுத்தார்களாம். கிராணியார் வீட்டுக்கே போயிருக்கலாமோ என்றுகூட நினைத்தேன்.

ஒருவழியாகப் பாய்லர் திரும்பி வந்தது. இந்த முறை அத்தை நேரம் காலம் எதுவும் பார்க்கவில்லை. பாய்லரின் வாய்வரைக்கும் தண்ணீரை ஊற்றி, குழாயைத் திறந்து பார்த்து, அதற்குப் பிறகுதான் கரியைத் தொட்டார். என்னை மணையில் உட்கார வைத்து முதுகில் ஊற்றினார்.

"எப்படி இருக்கு?"

எது கேட்டாலும் நான் தலையாட்டுவதோடு சரி. அன்றைக்கு என்னமோ வாய் திறந்துவிட்டது. "எஞ்சின் தண்ணிதான் அத்தை நல்லாருந்துச்சு."

ஊற்றிய கை நின்றது. நான் பயந்துபோனேன். அத்தை வாசல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "டேய், பதினெட்டு வெள்ளி கொட்டிக் குடுத்தியே, உம் பொண்டாட்டிக்குப் பாய்லர் பத்தலையாம். எஞ்சினை வாங்கிட்டு வாடா."

வெளியே அவர் சிரித்தார், பக்கத்து வீட்டில் சிரித்தார்கள், தெருவுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்து அம்மா சிரித்ததும் கேட்டது. லயமே கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்று, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொல்லி முதுகைக் காட்டினேன்.