சித்தப்பாவின் கெடாத காது

எண்பதுகளில் நான் பல்கலைக்கழகத்தில் காதை ஆராய்ந்துகொண்டிருந்தேன். உட்காதில் நத்தை ஓடுபோல் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் இருக்கும் மயிர்ச் செல்கள்தாம் ஒலியை மூளைக்கு அனுப்புகின்றன. ஓயாத இரைச்சலில் அவை செத்துப்போகும், மறுபடி முளைக்காது. எலிகளில் இதைப் பார்த்துவிட்டேன். மனிதர்களிடமும் காட்டுகிறேன் என்று அடம்பிடித்தேன். முதல் சோதனையில் ஒன்றும் தெரியவில்லையென்றால் எலியோடு நிறுத்திக்கொள் என்றார் பேராசிரியர். எனக்கு எரிச்சல். எங்கள் தோட்டத்து ரப்பர் ஆலையில் உருளை இயந்திரத்தோடு காலம் தள்ளியவர்களைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்?

தோட்டம் விற்றுப்போனபின் அவர்கள் மலேசியாவின் ஈப்போ நகருக்கு வந்து சிலிபின் பகுதியில் குடியிருந்தார்கள். என் சித்தப்பாவும் அவர்களில் ஒருவர். அவர் வீட்டு அறையிலேயே செவிச் சோதனைப் பெட்டியை வைத்து, அவர் காதில் ஒலிக்கருவியை மாட்டினேன்.

"படிச்சுப் படிச்சு கடைசில காதுமுடிக்கு வந்துட்டியா லா?" என்று கத்தினார். அவர் பேச்சே கத்தல்தான்.

சத்தம் கேட்டால் கையைத் தூக்க வேண்டும். பொத்தானை ஒரு பிஸ்கட் டின்னுக்குப் பின்னால் மறைத்துவைத்து அமுக்கினேன். ஒன்று தவறாமல் தூக்கினார். சோதனைக்கு வந்திருந்த அவருடைய ஆலைக் கூட்டாளிகளும் அப்படியே. பச்சைப்பிள்ளைக்குக்கூட இவ்வளவு நல்ல காது இருக்காது. என் ஆராய்ச்சி எலியோடு முடிந்தது.

நம்பாமல் சித்தப்பாவை மறுபடி உட்காரவைத்தேன். பாதியில் பார்த்தால், கருவியின் ஒயர் பெட்டியிலிருந்து கழன்று தரையில் கிடக்கிறது. அவர் கை மட்டும் மேலே போய் வருகிறது.

காதருகே போய்க் கத்தினேன். "எதைக் கேட்டுத் தூக்குறீங்க?"

"கேக்குறதா? நீ அமுக்குறப்ப ஒன் தோள் அசையுதுல்ல. மெஷினுகிட்ட காத வச்சா வேல பாத்தோம்? கண்ணுதான் லா. கூட்டாளி கை அசையிறதப் பாக்கலன்னா வெரல் போயிரும்."

நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டேன். ஒயரைச் செருகினேன். மெல்லிய சத்தம், கீச்சென்ற சத்தம், எதற்கும் கை எழவில்லை.

"என்னா, கரண்டு போச்சா?" என்றார் சுவரைப் பார்த்து.

காதில் அடைத்துக்கொள்ளப் பஞ்சுகூடக் கொடுக்காத தோட்டத்துத் துரைமேல் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சிரிப்பும் வந்தது.

"பாஸா, பெயிலா?" என்று திரும்பினார். அவரைச் சுட்டிக் கட்டைவிரலைக் கீழேயும், என்னைச் சுட்டி மேலேயும் காட்டினேன்.

கூட்டாளிகளைப் பார்த்துக் கையைச் சுழற்றிக் கத்தினார். "எல்லாரும் சுவத்தப் பாத்து ஒக்காருங்கடா. நாம பெயிலானாத்தான் இவன் பாஸாவானாம்."

சந்தோஷமாக உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருத்தர் எனக்கு உதவுவதாக நினைத்து, கேட்ட சத்தத்துக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு கையை மடியிலேயே வைத்திருந்தார். அவரை நாலு திட்டுத் திட்டித்தான் தூக்கவைத்தேன்.