தள்ளிய கை

கண்டி கச்சேரி என்கிற அரசாங்கச் செயலகத்துக்கு வெளியே, கடிதம் அடித்துக் கொடுக்கும் அவர் ஒரு குடையின் கீழ் டைப்ரைட்டரோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு வரி முடிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்ப்பார். நான் வேலை செய்யும் துணிக்கடையில் காரணமே சொல்லாமல் என்னிடம் ராஜினாமாக் கடிதம் கேட்டிருந்தார்கள். கட்டாயப்படுத்தினார்கள் என்று வரும்படி ‘கம்பெல்’ என்ற சொல்லைப் போட்டு ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன்.

அவர் கை நின்றது.

“மிஸ், தள்ளுறதுக்கு லத்தீன்ல ஒரு சொல்லு இருக்கு. கம்பெல், எக்ஸ்பெல், ப்ரொபெல் எல்லாம் அதுலேருந்து வந்ததுதான். தள்ளுறதுன்னா ஒரு கை இருக்கணுமே. யாரு கை?”

இவருக்கு எதற்கு அது? அப்போதுதான் அவருடைய கதிரைக்கடியில் எங்கள் கடைப் பையைப் பார்த்தேன். முதலாளியின் ஆளாக இருக்குமோ?

“குடும்பக் காரணம்னு போடுங்க,” என்றேன்.

அப்படியே அடித்து, உறையில் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் ஏறிப் பிரித்தால் உள்ளே இரண்டு கடிதங்கள். ஒன்றில் குடும்பக் காரணம் இருந்தது. மற்றதில் ‘கம்பெல்’ இருந்தது. யாரால் என்ற இடத்தில் வெறும் புள்ளிக்கோடு.

ஒரு மாதமாகிறது. இரண்டையும் கொடுக்காமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வருகிறவர்களுக்கெல்லாம் அதே பையில்தான் துணியைப் போட்டுக் கொடுக்கிறேன். இருந்தும் அவரை நம்ப முடியவில்லை.