பெரட்டு இல்லாத தோட்டம்

வகுப்பில் பக்கத்து மேசைச் சீனப்பெண் கைக்குட்டையை அவிழ்த்தபோதுதான் எனக்கு அந்த எண்ணம் பிடித்தது. உள்ளே ஒரு பூ. தடித்த இதழ்கள், நடுவில் படமெடுத்த நாகம் போல ஒரு குடை, அதற்கு அடியில் சின்ன லிங்கம். மணம் என் மேசை வரைக்கும் வந்தது. ஊர் ஜனம் உலாவப் போகும் தண்ணீர்மலைத் தோட்டத்தில் கீழே விழுந்து கிடந்ததாம். அந்த மரம் கிளை நுனியில் பூக்காதாம், அடிமரத்திலேயே பூக்குமாம். உடம்பில் பூக்கிற மரமா? பார்த்தே தீர்வது என்று கணக்குப் பாடம் முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் தண்ணீர்மலை போகிறோம். கோயிலைத் தாண்டிச் சற்று நடந்தால் அந்தத் தோட்டத்தின் இரும்புக் கதவு. ஆனால் நாங்கள் முருகனைக் கும்பிட்ட கையோடு டத்தோ கிராமாட்டில் இருக்கும் வீட்டுக்குத் திரும்பிவிடும் கூட்டம்.

அப்பாவிடம்தான் முதலில் கேட்டேன். துறைமுகக் கிட்டங்கியில் வேலை பார்த்துவிட்டு அப்போதுதான் வந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"மரம் பாக்க ஒரு பயணமா? வாசல்ல ரம்புத்தான் நிக்கிதே, அதப் பாருலா."

"அது தினம் பாக்கிறதுதானேப்பா."

"அதுவும் உன்னத் தினம் பாத்துச் சலிச்சுதான் காய்க்கல." துண்டை உதறினார். "தனியா அனுப்ப மாட்டேன். உங்கம்மா வந்தா போ."

பாதி வென்றாகிவிட்டது என்று நினைத்து அடுப்படிக்கு ஓடினேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். "அம்மா, ஞாயித்துக்கிழம தோட்டத்துக்குப் போலாமா?" என்றேன்.

"நான் வரமாட்டேன்."

எந்தத் தோட்டம் என்றுகூடக் கேட்கவில்லை. துருவலும் நிற்கவில்லை.

மறுநாளும் கேட்டேன். அதே பதில். அதற்கு மறுநாள் அடம்பிடித்தபோதுதான் சொன்னாள்: "கழுத்துல தாலி ஏறி கப்பல் ஏறுன அன்னிக்கே சொல்லிட்டேன், இனி தோட்டத்துல கால வைக்கமாட்டேன்னு." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த நாட்டில் எங்கள் வாயில் தோட்டம் என்றால் ஒன்றுதான், ரப்பர். கல்யாணம் ஆகும்வரை அம்மா எங்கள் தீவுக்கு எதிரே, கப்பலில் கடக்கும் அக்கரையில், பத்து காவான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால் வெட்டியவள். விடியுமுன் மணி அடிக்கும், எல்லோரும் வேலை வாங்கும் தண்டலின் முன்னால் வரிசையில் நின்று ஆள் கணக்குக் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பெரட்டு. இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது அதிகாலையில் மணி ஆட்டினால், சாமிக்கே ஆனாலும், அவளுக்குப் பிடிக்காது.

சிக்கல் மரத்தில் இல்லை, சொல்லில்தான் என்று தெரிந்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. சொல்லை மாற்றினால் போயிற்று.

"அது நந்தவனம் மாதிரிம்மா."

"நந்தவனம்னா எந்தச் சாமிக்குப் பூ போகுது?"

"சாமிக்கு இல்ல. பூவப் பறிச்சா போலீசு பிடிக்கும்."

"நல்ல நந்தவனம்."

மலாய்ச் சொல்லைப் போட்டுப் பார்த்தேன். "கெபுன் பூங்கா." மலாய்க்காரர்கள் பூவை புங்கா என்பார்கள், நான் அதைக் கொஞ்சம் நீட்டி நம் பூங்காவாக்கினேன். சந்தையில் மலாய் பேசியே மீன் விலையைக் குறைக்கிற அம்மாவிடம் அது செல்லவில்லை. "கெபுன்னாலும் தோட்டந்தான். எனக்குத் தெரியாதாக்கும்."

விடவில்லை. சீனப்பெண்ணைக் குடைந்து குடைந்து கேட்டேன். வாசலிலிருந்து மரம் எவ்வளவு தள்ளி, வெயில் படுமா, உட்கார இடமுண்டா, குரங்கு கையிலிருப்பதைப் பிடுங்குமா. வந்து எல்லாவற்றையும் அம்மாவிடம் ஒப்பித்தேன். அவசரத்தில், சொல்லக் கூடாதென்று வைத்திருந்ததும் வெளியே விழுந்துவிட்டது: "ஒவ்வொரு மரத்துலயும் தகரம் அடிச்சிருக்காங்களாம்மா."

துருவல் நின்றது. "நம்பர் போட்டா?"

"இல்லம்மா, பேரு. மரத்தோட பேரு."

"மரத்துக்குப் பேரா?" அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பெரட்டுல ஆளுக்கே நம்பர்தான். பேரு சொல்லிக் கூப்புட்டா தண்டலுக்கு வாய் வலிக்கும்." தேங்காய் மூடியை மறுபடி கையில் எடுத்தபடி, "அதுல பால் எடுக்கிறாங்களா?"

"ஒண்ணும் எடுக்க மாட்டாங்க."

"காய்?"

"எதுவும் இல்லம்மா."

"பின்ன எதுக்கு வளக்கிறானுங்க?"

"பாக்கிறதுக்கு."

கூடத்திலிருந்து அப்பா சிரித்தார். "பாக்கிறதுக்கு மரம், அதுக்கொரு தொர, அந்தத் தொரைக்குச் சம்பளம். நல்ல பொழப்புலா."

அம்மா சிரிக்கவில்லை. யோசித்தாள். தேங்காய் மூடியை இரண்டு தடவை திருப்பிப் பார்த்தாள், அதில் துருவ ஒன்றுமே மிச்சமில்லை.

"கோயிலுக்கு வரேன்," என்றாள். "கும்புட்டுட்டு அந்தக் கேட்டு வரைக்கும் நடக்கிறேன். கேட்டத் தாண்டி வரமாட்டேன். நீ போய் பாத்துட்டு வா."

இவ்வளவும் இந்த வாரம் நடந்தது. இன்று சனிக்கிழமை. அம்மா நாளைக்கு உடுத்த, தைப்பூசத்துக்கு மட்டும் கட்டும் பச்சைச் சேலையை எடுத்து வைத்திருக்கிறாள், கேட்டு வரைக்கும் நடக்கிறவளுக்கு அது அதிகம். என்னிடமும் ஒரு திட்டம் இருக்கிறது. உள்ளே போய் உதிர்ந்த பூ ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடி வருவேன். கேட்டுக்கு இந்தப் பக்கம் நிற்பவள் கையில் கொடுப்பேன். இது மரத்தின் உடம்பிலேயே பூத்தது என்பேன். அப்படியா, எங்கே காட்டு என்று அவளே கேட்கும்வரை, அந்த மரத்தின் பேரை மட்டும் சொல்லப்போவதில்லை. அது தகரத்தில் இருக்கிறது. வந்துதான் பார்க்க வேண்டும்.