பெல்ட்டுக்கு அடித்த மஞ்சள்

எனக்குத் தங்கைகள் மூன்று பேர். நடுத்தங்கையின் வீட்டுக்காரரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். கார் பட்டறையில் பெயிண்ட் அடிக்கிற வேலை அவருக்கு. கீறல் விழுந்த வண்டியை அவரிடம் விட்டால், கீறல் எந்தக் கதவில் இருந்தது என்று சொந்தக்காரனே தேடுவான். அதனால் பட்டறையில் அவருக்கு டச்சப் என்று பேர். கல்யாணமான புதிதில் எங்கள் அம்மா மட்டும் மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று குழைவாள். இரண்டு வருஷம் போனதும் அவளும், "டச்சப் சாப்பிட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

கீறலைக் கண்டால் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. ஒருதரம் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தவர், தட்டில் சோறு ஆறுவது தெரியாமல் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவின் முன்னால் குந்திக்கொண்டிருந்தார். மறுவாரம் டப்பாவும் தூரிகையுமாக வந்து அதைச் சரிசெய்த பிறகுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

முகத்தில் துணி கட்டாமலே முப்பத்தைந்து வருஷம் அடித்தார். கட்டினால் பெயிண்ட் கலவையின் வாசனை தெரியாதாம். கடைசியில் நுரையீரல் போனது. அதில் எத்தனை கார் கலர் இருக்கிறது என்று டாக்டரிடமே கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை. அதற்கு முன்பே என் தங்கையும் போய்ச் சேர்ந்திருந்தாள்.

அவர்களுக்கு ஒரே பெண். கடல் தாண்டி, முதியோர் இல்லம் ஒன்றில் வேலைக்குப் போனவள். அங்கேயே கட்டிக்கொண்டாள், பெண் குழந்தையும் பிறந்தது. நடுவில் அங்கே தங்குவதற்கான அவளுடைய தாள்கள் காலாவதியாகிவிட்டன. அந்த நாட்டை விட்டு ஒரு நாள் வெளியே வந்தாலும் திரும்ப உள்ளே விட மாட்டார்கள். அப்பாவும் மகளும் நேரில் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. பேத்தியை அவர் போனில்தான் பார்த்திருக்கிறார். பார்க்க வேண்டுமென்றால் இவர்தான் போக வேண்டும். டாக்டரும் கெடு வைத்துவிட்டார்: ஆறு மாதத்துக்குள் என்றால் விமானத்தில் உட்காரலாம், அதற்குப் பிறகு நினைக்கவே வேண்டாம் என்று. டிக்கெட்டுக்கும் விசாவுக்கும் வழியில் மூச்சுக்கு வைக்கிற மெஷினுக்கும் சேர்த்துச் செலவு செய்யப் பணம் அவரிடமும் இல்லை, மகளிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

அப்போதுதான் மகள் போனில் ஒரு படம் அனுப்பினாள். ஒரு சாண் உயரத்தில் சூப்பர் ஹீரோ பொம்மை. சிவப்பு உடுப்பு, கறுப்பு முகமூடி, முதுகில் நீலத் துணி, இடுப்பில் பச்சை பெல்ட். எங்கோ ஏலத்தில் அது போன விலையில் இரண்டு பேர் போய்விட்டு வரலாம்.

அந்தப் பொம்மை இவர் வீட்டிலும் இருந்தது. என் தங்கை கல்யாணத்துக்குப் பிறகு பொம்மைக் கம்பெனியில் வேலை பார்த்தவள், பெல்ட்டுக்குக் கலர் அடிக்கிற வரிசையில். பெல்ட் மஞ்சளாக இருக்க வேண்டியது. முதல் முதலில் யாரோ டப்பாவை மாற்றி வைத்ததில் மூன்று நாள் பச்சை அடித்துவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, டப்பாவைத் திறந்தவளே என் தங்கைதான். எல்லாவற்றையும் உடைத்து உருக்கச் சொன்ன சூப்பர்வைசர், பிள்ளை உள்ளவர்கள் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். இவளும் ஒன்றைக் கொண்டுவந்து மகளிடம் கொடுத்தாள்.

மகளுக்கு அப்போது ஐந்து வயது. தெருப் பிள்ளைகள் வைத்திருந்ததெல்லாம் மஞ்சள் பெல்ட். உன்னோடது டூப்ளிகேட் என்று கேலி செய்து அழவிட்டார்கள். அப்பன்காரர் சும்மா இருப்பாரா? ஒரு ஞாயிற்றுக்கிழமை பொம்மையைப் பட்டறைக்குக் கொண்டுபோய், பச்சையை உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, கார் பெயிண்டில் மஞ்சள் கலந்து அடித்துக் கொடுத்தார். அன்று ராத்திரி அதைக் கட்டிக்கொண்டுதான் தூங்கினாள்.

இப்போது அந்த மஞ்சளுக்குக் கீழே பச்சை இருக்கிறது. நான் சொன்னேன், இருக்கிறபடியே கொண்டுபோய்க் காட்டுவோம், நடந்ததைச் சொல்லுவோம் என்று. அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"நான் அடிச்ச மஞ்சளை எடுக்க எனக்குத் தெரியாதா மச்சான்?"

இரண்டு நாள் பஞ்சைத் தின்னரில் நனைத்து நனைத்து எடுத்தார். மஞ்சள் வந்தது. கூடவே பச்சையும் வந்துவிட்டது. கார் பெயிண்ட் அதை அப்படிப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிடிக்கத்தானே தேய்த்து அடித்தார்! பக்கிளின் அடியில் கடுகளவு பச்சை மிஞ்சியிருந்தது. அதைப் பார்த்தே கலர் கலந்து, மூன்று மயிர் தூரிகையால் பெல்ட் முழுக்கப் பச்சை தீட்டினார். நான் வெயிலில் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கம்பெனிக்காரன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்றார். தங்கை போனபின் அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. மகளிடம் எல்லாம் தயார் என்று சொல்லிவிட்டார். அவளும் அங்கே ஓர் அறையை ஒழித்து வைத்துவிட்டாள்.

மதிப்புப் பார்க்கிற இடம் ஒரு லைட் கடைக்கு மேல், மாடியில். சுற்றிலும் கண்ணாடி அலமாரி, உள்ளே வரிசையாகப் பொம்மைகள். மதிப்பிடுகிறவர் ஒரு பெண், என் பெரிய மகள் வயது இருக்கும். கையுறை போட்டுக்கொண்டு பொம்மையின் கையைக் காலை அசைத்துப் பார்த்தார். பாதத்தின் அடியில் இருந்த எண்ணை லென்ஸில் படித்தார்.

"முதல் வருஷத்து அச்சுதான் ஐயா. நல்லா வெச்சிருக்கீங்க."

மாப்பிள்ளை மேசைக்கு அடியில் என் மணிக்கட்டைப் பிடித்து நசுக்கினார். அந்தப் பெண் எழுந்து விளக்கை அணைத்துவிட்டு, ஊதா வெளிச்சம் வருகிற ஒரு சின்ன விளக்கைப் பிடித்தார். பொம்மையின் உடம்பெல்லாம் ஒரு மாதிரி இருக்க, பெல்ட் மட்டும் வேறு மாதிரி மின்னியது. மறுபடி லென்ஸ். இடுப்பு மடிப்பில் வெகுநேரம் பார்த்தார்.

"ஐயா, பச்சைக்குக் கீழ மஞ்சள் இருக்கு."

சாதாரண மஞ்சள் பெல்ட்டை வாங்கிப் பச்சை அடித்துக் கொண்டுவருகிறவர்கள் மாதத்துக்கு நாலைந்து பேராம். இவர் பதறிக்கொண்டு முதலிலிருந்து சொன்னார், டப்பா, தெருப் பிள்ளைகள், ஞாயிற்றுக்கிழமை, பஞ்சு, எல்லாம். இடையிடையே மூச்சு வாங்கியது, நான் தண்ணீர் கொடுத்தேன். அந்தப் பெண் குறுக்கே பேசாமல் கேட்டார். இவருக்கு அது போதவில்லை. எங்கள் பொம்மைதான், வெளியில் வாங்கியதில்லை என்று காட்ட ஒரு போட்டோ கொண்டுவந்திருந்தார். பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். படத்தில் மகள், ஐந்து வயதில், கையில் அதே பொம்மை.

அந்தப் பெண் படத்தில் ஒரு விரலை வைத்தார். பொம்மையின் இடுப்பில் பளிச்சென்று மஞ்சள்.

மாப்பிள்ளை படத்தைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"நீங்க சொல்றது நிஜமாவே இருக்கலாம் ஐயா. ஆனா வாங்கறவங்க உங்களைப் பாக்க மாட்டாங்க, பொம்மையைத்தான் பாப்பாங்க."

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மஞ்சளோடவே கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் தயங்கினார். கீழே இருக்கிற கலரைச் சுரண்டாமலே பார்க்கிற மெஷின் இருக்கிறதாம். பச்சை இருப்பதை உறுதி செய்துவிட்டால், பக்குவமாக எடுக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்களாம். விலை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் என்றார். மாப்பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார், வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல.

"இந்தப் பச்சையை யார் அடிச்சது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"நான்தான்."

"கை ரொம்ப சுத்தம் ஐயா."

முப்பத்தைந்து வருஷத்தில் அவரை இதைவிடப் பெரிதாக யாரும் பாராட்டியதில்லை.

படியிறங்க நேரம் பிடித்தது. மூன்று படி இறங்குவார், நிற்பார். கீழே லைட் கடைக்காரன் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தான். அதில் உட்கார்ந்திருக்கும்போதே மகள் கூப்பிட்டுவிட்டாள். நான் பேசுகிறேன் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"ஒண்ணும் ஆகலம்மா. நான் கெடுத்துட்டேன்."

என்ன கெடுத்தாய் என்று கேட்டாள். ஒளிக்காமல் சொன்னார்.

"மஞ்சள் வேணும்னு நான்தானப்பா அழுதேன்."

"அஞ்சு வயசுக் கொழந்த அழும். எனக்கு எங்க போச்சு புத்தி?"

போனை நான் வாங்கி, அப்பாவை வீட்டுக்குக் கூட்டிப்போகிறேன் அம்மா என்று சொல்லி வைத்தேன்.

அப்புறமும் கேட்காத இடமில்லை. என் பெரிய மகளிடம் கேட்டோம், கடைசித் தங்கையின் சம்பந்தி வரைக்கும் போனோம். எல்லோரும் நல்லவர்கள்தான், எல்லோருக்கும் கஷ்டம். டாக்டர் சொன்ன ஆறு மாதமும் ஓடியது. அதற்குப் பிறகு அவர் இன்னும் ஐந்து மாதம் இருந்தார்.

கெடு முடிந்த பிறகு மகள், எப்போது வருவாய் என்று கேட்பதை விட்டுவிட்டாள். சாயங்காலம் கூப்பிட்டுப் பேத்தியைப் போன் முன்னால் உட்கார வைப்பாள். அதற்கு நம் பேச்சு வராது, இவருக்கு அதன் பேச்சு புரியாது. இரண்டும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் உட்கார்ந்திருக்கும். இவருக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தால், பிள்ளை பயந்துவிடும் என்று நான் போனை என் பக்கம் திருப்பிக்கொள்வேன்.