"நிக்கிறாரு" என்றாள் ரெஜினா

எழும்பூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது காலை ஐந்தேமுக்கால். திருச்சியிலிருந்து உட்கார்ந்தே வந்ததில் இடுப்பு மரத்துப் போயிருந்தது. நான் ஊர் பார்க்க வந்தவள் இல்லை. ராயபுரத்தில் இருக்கும் என் சிநேகிதி ரெஜினா எந்த ஜெபத்தைச் சொல்லித் தன் புருஷனின் குடியை நிறுத்தினாள் என்று கேட்டுக்கொண்டு போக வந்தவள். கறி தொடாத தபசுகாலத்து வெள்ளிக்கிழமை அதுவுமாக இவ்வளவு வயிற்றெரிச்சலைச் சுமந்துகொண்டு அந்த ரயிலில் வேறு யாரும் வந்திருக்க மாட்டார்கள்.

கதை இதுதான். ரெஜினாவும் நானும் பாலக்கரையில் ஒரே தெருவில் வளர்ந்தோம். ஒரே கோயிலில், ஒரே நாளில் புதுநன்மை என்கிற முதல் நற்கருணை வாங்கினோம். ராயபுரத்தில் அவளுக்கு வாய்த்த சவரி அண்ணனும் குடி, எனக்கு வாய்த்த அருளும் குடி. போன வருஷம் இருவரும் காவிச் சேலை கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்தோம். வேண்டுதலும் ஒன்றேதான். அவள் ஏற்றிய மெழுகுவர்த்தி என்னுடையதைவிட ஒரு சாண் சின்னது. மாதா அளவு பார்க்கிறவள் இல்லை என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

பொங்கல் கழித்து ரெஜினா போன் செய்தாள். "அவரு நிக்கிறாருடி. ஆண்டவர் புண்ணியத்துல நிக்கிறாரு" என்றாள். குடியை நிறுத்திவிட்டு நிலையாக இருக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். சந்தோஷம் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்தேன். அன்று ராத்திரி என் வீட்டுக்காரரை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து வாசலில் விட்டார்கள். மறுநாளே திருவெறும்பூரில் இருக்கும் என் அண்ணனுக்குப் போன் செய்து அவன் வீட்டு மாடி அறையைக் கேட்டேன். வா என்றான். ரெஜினாவின் ஜெபம் கையில் கிடைத்தால் வீடு, இல்லாவிட்டால் தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடி. அந்த முடிவோடுதான் டிக்கெட் எடுத்தேன்.

காலை ஆறேகால். ராயபுரத்துக்கு ஆட்டோக்காரர் இருநூற்றைம்பது கேட்டு இருநூறுக்கு இறங்கி வந்தார். ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. துறைமுகத்துப் பக்கம் வந்ததும் வண்டி நகரவில்லை. கன்டெய்னர் லாரிகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரிசை கட்டியிருந்தன. லாரிக்கு அடியில் ஒரு டிரைவர் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நேரமா நிக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"இவுங்க நிக்கிறாங்களா, வூடு கட்டிக் குடி வந்துட்டாங்களானே தெர்லமா. ஒரே பேஜாரு" என்றார் ஆட்டோக்காரர்.

காலை ஏழு. ரெஜினாவின் வீடு கோயிலுக்குப் பின்சந்தில், கீழ்த்தளம். சவரி அண்ணன் ஆறு மணி ஷிப்டுக்கு எண்ணூருக்குப் போய்விட்டிருந்தார். அங்கே ஒரு கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். ரெஜினா என்னைக் கட்டிக்கொண்டாள். முகம் தெளிவாக இருந்தது. வீட்டில் பீங்கான் தட்டுகள் உடையாமல் இருந்தன. அதை நான் கவனித்தேன். என் வீட்டில் எவர்சில்வர் மட்டும்தான்.

"கை கால் கய்வினு வாடி. ஆப்பம் கீது. மத்தியானத்துக்கு வஞ்சிரம்" என்றாள்.

"இன்னைக்கு சுத்தபோசனமாச்சே?"

"கறிதான கூடாது. காசிமேட்டாண்ட குந்திக்கினு மீனு துன்னாம எப்டி இருக்கிறது?"

எங்கள் ஊரில் தபசுகாலத்து வெள்ளி என்றால் கத்தரிக்காய். இவர்களுக்கு வஞ்சிரம். ஆண்டவர் ஆளைப் பார்த்துத்தான் கொடுக்கிறார் என்று அப்போதே மனதில் பட்டது.

ஆப்பத்தைப் பிட்டபடியே விஷயத்துக்கு வந்தேன். எந்த நவநாள், எத்தனை ஜெபமாலை, யார் மந்திரித்துக் கொடுத்த எண்ணெய் என்று வரிசையாகக் கேட்டேன். ரெஜினா சிரித்தாள். "இன்னாடி மருந்துக் கடையில கேக்கிற மாதிரி கேக்கிற? மத்தியானம் எங்கூட எண்ணூர் வா. காட்றேன்" என்றாள். ஜெபத்தைச் சொல்லித்தர மனசில்லாமல்தான் மழுப்புகிறாள் என்று நினைத்தேன். சமையல் குறிப்பு கேட்டால்கூட ஒரு சாமானை விட்டுவிட்டுச் சொல்கிறவர்கள்தானே நாம்.

பன்னிரண்டரை மணிக்குக் கிளம்பினோம். ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய கட்டடத்துத் தூண்கள் பார்க்க வேண்டியவை, போகிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று பார்க்கலாம். எண்ணூருக்கு டிக்கெட் ஐந்து ரூபாய், போகவரப் பத்து. பெண்கள் பெட்டியில் காலி மீன்கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா ரெஜினாவைப் பார்த்ததும் நகர்ந்து இடம் கொடுத்தார்.

"இன்னா ரெஜினா, டூட்டிக்குக் கெளம்பிட்டியா?"

"கெளம்பிட்டேன்கா."

"இவுங்க யாரு?"

"என் தோஸ்து. திருச்சி. டூட்டி பாக்க வந்துகீறா."

என்ன டூட்டி என்று எனக்குப் புரியவில்லை. இவள் வேலைக்குப் போவதாக என்னிடம் சொன்னதே இல்லை. கேட்டதற்கு, "வா, வா" என்றாள்.

வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று ரயில் நின்று நின்று போயிற்று. திருவொற்றியூர் தாண்டும்போது இடதுகைப் பக்கம், மணலித் திசையில், ஒரு புகைபோக்கியின் உச்சியில் பட்டப்பகலில் தீ எரிந்துகொண்டிருந்தது. காற்றில் ஒரு நெடி வந்து தொண்டையில் உட்கார்ந்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்தினேன். பெட்டியில் வேறு யாரும் பொத்தவில்லை. ரெஜினா கண்ணை மூடியிருந்தாள், உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நான் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேட்டுப் பார்த்தேன். நமக்கெல்லாம் தெரிந்த அருள்நிறை மரியேதான். புதிதாக ஒன்றும் இல்லை.

எண்ணூரில் இறங்கி ஷேர் ஆட்டோவில் தலைக்கு இருபது ரூபாய் கொடுத்து யார்டு வாசலுக்குப் போனோம். மணி ஒன்றே ஐம்பது. வாசலுக்கு எதிரே ஒரு டீக்கடை. அதிலிருந்து ஐம்பதடி தள்ளி, பஸ் நிறுத்தத்துக்குப் போகும் வழியிலேயே, ஒயின் ஷாப். வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வெயிலில், கேட்டுக்கு நேர் எதிரே, ரெஜினா போய் நின்றாள். டீக்கடை நிழலுக்கு வா என்று கூப்பிட்டேன்.

"அவரு வெளிய வரும்போது மொதல்ல நான் தெரியணும்டி. கடை அப்பாலதான் தெரியணும்" என்றாள்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஆட்கள் கும்பலாக வந்தார்கள். பாதிப் பேர் நேராக அந்தக் கடைக்கே போனார்கள். அதில் ஒருவர் திரும்பி, "மாமு, உன் போலீசு வந்துட்ச்சி, கெளம்பு" என்று கத்தினார். சவரி அண்ணன் சிரித்துக்கொண்டே வந்தார். ஆள் இளைத்திருந்தார். என்னைப் பார்த்து, "வாமா ஸ்டெல்லா, எப்போ வந்த?" என்று கேட்டார். கேட்கும்போது அவர் கண் என் தோளுக்கு மேல் போய்க் கடையைத் தொட்டுவிட்டு வந்தது. ரெஜினா கடை இருக்கும் பக்கமாகப் போய் அவர் அருகில் நின்றாள். இருவரும் நடந்தார்கள். கடைப் பக்கம் அவள், ரோட்டுப் பக்கம் அவர். அந்த ஐம்பதடியும் இருவர் உதடும் அசைந்தன. அவருக்கு நெற்றியெல்லாம் வியர்வை.

பஸ் நிறுத்தத்தில் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, எப்ப நின்னுச்சு?" என்று கேட்டேன்.

"எது?"

"குடிதான்."

அவர் ரெஜினாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அது எங்கமா நின்னுச்சு? அது அங்கியேதான் கீது. போன மாசம் இவுளுக்கு ஜொரம், வர்ல. நான் உள்ள பூந்துட்டேன். அது நிக்கலமா. நான்தான் நிக்கிறேன். இன்னிக்கு நிக்கிறேன்" என்றார்.

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் குடித்தார் என்று கேட்டதும் என் நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கியது. அவளுக்கும் முழுசாகக் கிடைக்கவில்லை, மாதா ஓரவஞ்சனை செய்யவில்லை என்று ஒரு குளிர்ச்சி. அடுத்த நிமிஷமே என்னை நினைத்து எனக்கே கூசியது. அவரைப் பிடித்த பேய் கடையில் இருக்கிறது என்றால், என்னுடையது திருச்சியிலிருந்து என்னோடு டிக்கெட் இல்லாமல் வந்திருக்கிறது.

பஸ்ஸில் ஸ்டேஷனுக்கு வந்தோம். திரும்பும் ரயிலில் சவரி அண்ணன் ஜன்னலோரம் தூங்கிப் போனார். நான் ரெஜினாவிடம் சொன்னேன்: "தினமும் இங்க வந்து வெயில்ல நிக்கிற தெம்பு எனக்கு இல்லடி."

"எனக்கு மட்டும் கீதா? காலைல எய்ந்துக்கும்போது கையில ஒண்ணும் இருக்காது. இன்னிக்கு அந்தக் கடையத் தாண்ட மட்டும் தெம்பு குடு ஆண்டவரேன்னு கேப்பேன். குடுப்பாரு. சாயங்காலம் தீந்துபூடும். நாளைக்குத் திரும்ப கேக்கணும்."

"மொத்தமா கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேனே. வேளாங்கண்ணியில நீயும்தான கூட இருந்த" என்றாள்.

மாலை நான்கு மணிக்கு வஞ்சிரம் பரிமாறினாள். மூவருக்குமே அன்றைக்கு அதுதான் முதல் சோறு. சவரி அண்ணன் முள்ளை எடுத்துவிட்டு நடுத்துண்டை ரெஜினாவின் தட்டில் வைத்தார். சும்மா இருந்த என் வயிறு மறுபடியும் எரிந்தது. ஆண்டவரே, இந்தச் சோறு இறங்குகிறவரைக்குமாவது என்னைக் காப்பாற்றும் என்று கேட்டுக்கொண்டேன். இறங்கியது. குழம்பு நன்றாகவே இருந்தது என்று அவளிடம் சொல்லவும் முடிந்தது.

சனிக்கிழமை காலை எழும்பூரில் ரயில் ஏறினேன். எங்கள் ஊரில் கடல் இல்லை, சங்கு ஊதுவதில்லை, வானத்தில் தீ எரிவதில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் லாரி ஷெட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில், வீட்டுக்கு வரும்போது இடதுகைப் பக்கம், ஒரு கடை இருக்கிறது. விழுப்புரம் தாண்டியதும் அவருக்குப் போன் போட்டேன்.

"எங்க நிக்கிறீங்க?"

இந்தக் கேள்வியை நான் கேட்காத நாள் இல்லை. எந்தக் கடையில் என்பதுதான் அதற்கு அர்த்தம். அது தெரிந்துதான் அவரும் எரிந்து விழுவார்.

"ஷெட்டுலதான். ஏன், மோப்பம் பிடிக்கவா?" என்றார்.

"சும்மாதான் கேட்டேன்" என்று வைத்துவிட்டேன்.

மாடி அறை வேண்டாம் என்று அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். திருச்சி வந்து சேர்ந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. பையோடு நேராக ஷெட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கையில் இருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். உள்ளே இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"இங்க எதுக்கு வந்து நிக்கிற?" என்றார்.

ஆண்டவரே, இன்றைக்கு மட்டும் கொடும் என்று கேட்டுக்கொண்டேன். "வீட்டுக்குப் போகலாம், வாங்க" என்று சொல்லி, அவருக்கு இடதுகைப் பக்கம் போய் நின்றேன்.