கேரட் மூட்டையில் வந்த குப்பி

அறுபதுகளின் தொடக்கம். கல்யாணமாகிச் சில வருஷம் குழந்தை இல்லை என்றதும், மலடி நான்தான் என்று வடகவுஞ்சியில் என் மாமியார் முடிவு கட்டிவிட்டார். கன்னிவாடியில் மகனுக்கு வேறு பெண்ணும் பார்த்தாயிற்று. எனக்கு வந்ததே கோபம்! கொடைக்கானல் மிஷன் ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் பார்ப்பது என் வேலை. பார்க்காமல் என்ன தீர்ப்பு? முதலில் உங்கள் மகனின் விந்தைச் சோதிக்கட்டும், பிறகு பெண் பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

என் கணவர் சாது. அம்மா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசியதில்லை. நான் பிடித்த பிடியில் ஒப்புக்கொண்டார். விந்து எடுத்த குப்பியைச் சூடு ஆறாமல் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். பஸ்ஸில் எல்லாரும் தெரிந்த முகம். மனிதருக்கு வெட்கம் பிடுங்கித் தின்ன, குப்பியைக் கேரட் மூட்டைக்குள் செருகி, மூட்டையை பஸ் கூரைமேல் ஏற்றிவிட்டார். மார்கழிக் குளிரில் வந்து சேர்ந்தது அது.

டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. உயிரே இல்லை என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மகனோடு வந்து வாசலில் உட்கார்ந்திருந்த மாமியாரின் முகம் சுண்டிப்போனது. எனக்கு உச்சி குளிர்ந்தது. அத்தோடு விட்டிருந்தால் என் கட்சி ஜெயித்திருக்கும்.

ஆனால் குப்பியைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. விந்தணுவின் கழுத்தைச் சுற்றி மைட்டோகாண்ட்ரியா என்று குட்டி அடுப்புகள் இருக்கின்றன. காற்றை இழுத்து எரித்து, நீந்தத் தெம்பு தருபவை அவைதான். சுற்றியுள்ள திரவத்தின் சர்க்கரையும் அதற்கு உதவும். குளிர்ந்தால் எல்லாம் மந்தப்பட்டு வால் நின்றுவிடும். நின்றதெல்லாம் செத்ததாகிவிடுமா? பார்க்காமல் பேசியவர்கள்மேல் எரிந்து விழுந்தவள், நானே அரைகுறையாகப் பார்ப்பதா? குப்பியை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டேன். சூடு ஏறியதும், வெதுவெதுப்பான கண்ணாடியில் புதுத் துளி விட்டுப் பார்த்தேன். ஒன்று வாலைச் சொடுக்கியது. அப்புறம் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிவிட்டன. சனியன்கள், என்ன ஓட்டம்!

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கணவரிடம் குறை இல்லை என்று அவரே வெளியே போய்ச் சொன்னார். மாமியார் சேலையை உதறிக்கொண்டு எழுந்தார்.

"அப்ப கன்னிவாடிக்கு வெரசா ஆள் அனுப்பிருவோம்."

அழுதால் தோற்றதாகிவிடும்.

"கொற எங்கிட்டன்னே வச்சுக்கங்க அத்தே. செத்துக் கெடக்குன்னத உசுரோட காட்டுனவ நாந்தேன். வீட்ட விட்டும் போகமாட்டேன், இன்னொருத்திக்கு எடமும் விடமாட்டேன்."

அவர் மகனைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தபடி, "ஆள் அனுப்ப வேணாம்மா" என்றார்.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. அதற்காக ஒருநாளும் நான் தலை குனிந்ததில்லை.