மருந்தறையின் நீல ஸ்டூல்

எங்கள் வார்டின் மருந்தறையில் நீல நிற பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று கிடக்கிறது. ஒரு தாதி என்னை அதில் உட்காரவைத்த காலை எனக்கு மறக்காது. அப்போது பதுளை ஆஸ்பத்திரியில் பெண்களின் சத்திரசிகிச்சை வார்டில் நான் மூத்த தாதி. அந்தத் தாதி நமுனுகுலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. என் அப்பா லுணுகலைப் பக்கம் கங்காணி. வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் அவர் பேர் கூப்பிட்டால் கடைசி லயத்து வீடு வரைக்கும் கேட்கும். அந்தக் குரல்தான் எனக்கும். அதில் எனக்குப் பெருமை வேறு.

அன்று காயம் கட்டும் தட்டில் கத்தரிக்கோலை வைக்க மறந்துவிட்டாள். வார்டு நடுவில் நின்று அவளைப் பார்த்துக் கத்தித் தீர்த்தேன். முதல்நாள் ஒப்பரேஷன் முடிந்திருந்த கொழுந்து பறிக்கும் அம்மா ஒருத்தி, தன்னைத்தான் ஏசுகிறேன் என்று நினைத்துக் கட்டிலை விட்டு இறங்கி, "வந்துட்டேங்க மிஸ்" என்று நின்றாள். சேலைன் குழாய் பிடுங்கிக்கொண்டு கையெல்லாம் இரத்தம். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்தப் பிள்ளைதான் ஓடிப்போய் இரத்தத்தை நிறுத்தி, அவளைப் படுக்கவைத்து, தையலையும் பார்த்தாள். பிறகு என்னை மருந்தறைக்குக் கூப்பிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்க அக்கா. நான் பிழை செஞ்சா இங்க வச்சுச் சொல்லுங்க, கேட்டுக்குறேன். இனி வார்டுக்குள்ள சத்தம் போட்டீங்கன்னா மேட்ரனுக்கு எழுதுவேன். எழுதி முதல்ல உங்ககிட்டதான் காட்டுவேன்."

எனக்கு வந்த கோபத்தில் ஒரு வாரம் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரமே மறுபடி கத்தினேன். சொன்னபடி கடிதத்தை என் முன்னால் வைத்தாள். என்னைப் பற்றி ஒரு குறைச்சொல் அதில் இல்லை. எத்தனை மணி, என்ன சொன்னேன், முன்பு எந்தக் கட்டிலில் இருந்தவள் எழுந்து நின்றாள், அவ்வளவுதான். மறுக்க ஒரு வரிகூடக் கிடைக்கவில்லை. கொண்டுபோய்க் கொடு என்றேன். மேட்ரன் முன்னால் கூனிக் குறுகி நின்றேன். வெட்கம்தான் என்னைத் திருத்தியது, அதுவும் மெதுவாக.

அவள் மாற்றலாகி வெலிமடைக்குப் போய்விட்டாள். இப்போது வார்டு என் பொறுப்பில். போன வாரம் மூத்த தாதி ஒருத்தி புதிதாக வந்தவளைப் பார்த்துக் கத்தினாள். நான் கத்தியவளைப் பார்க்கவில்லை, கட்டில்களைப் பார்த்தேன். ஓரத்துக் கட்டிலில் ஒருத்தி போர்வையை விலக்கி ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டாள்.

"ஒங்கள இல்லம்மா, படுங்க" என்று அவளைப் படுக்கவைத்தேன். பிறகு மருந்தறைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, கத்தியவளைக் கூப்பிட்டேன்.